நிழலும் காற்றும்: யாழ்ப்பாணத்து வளவில் மின்சாரச் சிக்கனம்

வீட்டில் வாழ்வோருக்கு வேண்டிய குளிர்ச்சியை மின்விசிறியும் குளிரூட்டியும் கொண்டு மாதந்தோறும் விலைகொடுத்துப் பெறுவதா, அன்றி வீட்டைச் சூழ்ந்த நிலத்திலே மரமும் கொடியும் வேலியும் முற்றமும் அமைக்கும் முறையினாலேயே அதன் பெரும்பகுதியைப் பெற்றுக்கொள்வதா என்னும் வினா, வேறு தேசங்களிலும் ஆராயப்பட்டு வருவதாயினும், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிரத்தியேகமான ஓர் அவசரத்தைப் பெற்றிருக்கிறது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணியின்றி நாடு தவித்த 2022ஆம் ஆண்டின் மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததும், அவ்வாண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டதும் எவரும் மறந்துவிடாத சம்பவங்கள். பின்னர் கட்டணம் தணிக்கப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டெனினும், பாவனை ஏற ஏற அலகொன்றின் விலையும் ஏறுகின்ற படிமுறை நீங்கவில்லை. ஆதலால் ஒரு குடும்பம் மாதத்திற் கடைசியாகச் செலவிடும் முப்பது நாற்பது அலகுகளே கட்டணப் பட்டியலில் மிகப் பாரமானவையாக அமைகின்றன.

இவ்விஷயத்தில் யான் கொண்ட முடிபை முன்னரே கூறிவிடுதல் நன்று. யாழ்ப்பாணத்து வளவு வீட்டுக்குப் புறம்பான வெறும் நிலமன்று, வீட்டின் ஓர் உறுப்பேயாகும். சுவரையும் கூரையையும் எவ்வளவு கவனத்துடன் திட்டமிடுகிறோமோ அவ்வளவு கவனத்துடன் மரத்தையும் வேலியையும் திட்டமிட்டாலன்றி, இப்பிரதேசத்து வீடு குளிர்ச்சியும் பெறாது, சிக்கனமும் பெறாது. இம்முடிபுக்கு ஆதாரமாயுள்ளவற்றையும், அதற்கு மாறாகச் சொல்லப்படுவனவற்றையும் ஒழுங்காக நோக்குவோம்.

சூரியனும் சோளகமும்

குடாநாடு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் அமைந்திருக்கிறது. இந்நிலையினால், சித்திரை மாதத் தொடக்கத்திலும் ஆவணி மாதத்திலும் உச்சிவேளைச் சூரியன் நமது தலைக்கு நேர்மேலே நிற்கிறான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவன் உச்சியினின்று சற்று வடக்கே சாய்ந்து செல்ல, ஜூன் மாதத்தில் அச்சாய்வு 14 பாகையளவாகிறது. டிசெம்பரிலோ தெற்கே 33 பாகை சாய்கிறான். ஆகவே வெப்பமிகுந்த மாதங்களில் உச்சிவேளை வெயிலைத் தாங்குவது கூரை. காலை வெயிலைத் தாங்குவது கிழக்குச் சுவர். பிற்பகல் வெயிலைத் தாங்குவது மேற்குச் சுவர். தெற்கு வடக்குச் சுவர்களுக்கு நல்ல தாழ்வாரமொன்றே பெரும்பாலும் போதுமானது. தெளிந்த வானத்து உச்சிவேளையிலே கூரையின் ஒவ்வொரு சதுர மீற்றர் மீதும் ஏறத்தாழ ஆயிரம் உவாற்று வலுவுடைய வெயில் விழுகின்றதென்பதைக் கருதினால், ஆயிரம் சதுர அடிக் கூரையொன்று அவ்வேளையில் ஏற்கும் வெப்பத்துக்கு வீட்டிலுள்ள விசிறிகள் ஈடுகொடுக்க இயலாமை எளிதில் விளங்கும்.

கடல் சூழ்ந்த நிலமாதலின் இங்கே இரவுக்கும் பகலுக்கும் இடையே உஷ்ண வேறுபாடு சிறிதாகவே உள்ளது. பகலிலே சுவரும் கொங்கிறீற்றுத் தட்டும் உறிஞ்சிய வெப்பம் இரவு படுக்கும் வேளையில் வெளிப்பட்டு, நித்திரையைக் கெடுத்து, விடியும்வரை விசிறியைச் சுழலவைக்கிறது. எனவே யாழ்ப்பாணத்திலே வெப்பத்தைப் பின்னர் வெளியேற்ற முயல்வதைக் காட்டிலும், அது சுவரிலும் கூரையிலும் ஏறாமல் முன்னரே தடுப்பதுதான் உத்தமமான உபாயம்.

இச்சூழலில் இயற்கை நமக்களித்துள்ள பெரிய உபகாரம் சோளகக் காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையில் தென்மேற்கிலிருந்து வீசும் இக்காற்று வீட்டினுள்ளே தடையின்றிப் புகுந்து வெளியேறுமாயின், பிற்பகல் வேளையிற் பெரும்பாலும் விசிறியே வேண்டுவதில்லை. இங்கே ஒரு நுட்பம் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. இம்மாதங்களின் முதற்பாதியில், அதாவது ஜூன் மாதத்தை ஒட்டிய காலத்தில், பிற்பகற் சூரியன் நேர்மேற்கிலன்றி, மேற்குக்கு இருபத்துமூன்று பாகையளவு வடக்கே நிற்கிறான். காற்றோ மேற்குக்குத் தெற்கேயிருந்து வருகிறது. வெயில் வரும் திசையும் காற்று வரும் திசையும் இவ்வாறு வேறுபடுவதால், மேற்கிலும் வடமேற்கிலும் அடர்ந்த நிழலை அமைத்து, தென்மேற்கைத் திறந்துவிட்டால், ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கவேண்டிய அவசியம் இல்லாமற் போகிறது. இக்கட்டுரையிற் சொல்லப்படும் யோசனைகளுள் மிகப் பயனுடையது இதுவேயென்று கருதுகிறேன்.

பூர்வீகர் அமைத்த வளவு

நமது முன்னோர் மின்சாரத்தை அறியாதவர். ஆயினும் அவர்கள் அமைத்த வளவை உற்றுநோக்குவோருக்கு மேற்சொன்ன நியாயங்கள் அனைத்தும் அங்கே அனுஷ்டானத்தில் இருந்தமை புலப்படும். வசதியுடையோரின் நாற்சார் வீட்டிலே நான்கு பக்க அறைகளுக்கும் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருந்தது. பகலிற் சூடேறிய காற்று அதன்வழியே மேலெழுந்து நீங்க, இரவிற் குளிர்ந்த காற்று அங்கே இறங்கித் தங்கிற்று. வசதி குறைந்தோரின் பனையோலை வேய்ந்த வீடோ, தடித்த ஓலைப்படைகளின் இடையே சிறைப்பட்ட காற்றினால் வெயிலைத் தடுத்துத் தாழ்ந்த இறவாணத்தினாற் சுவரையும் காத்தது. 1960களின் தொடக்கத்திலே கொழும்பில் ஏனா டி சில்வாவுக்கு வீடமைத்த கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, நகரத்து நெருக்கத்திலும் நடுமுற்றத்தைக் கொண்டு காற்றையும் வெளிச்சத்தையும் பெறலாமென்று காட்டியது, இத்தகைய பழைய சம்பிரதாயங்களுக்கு நவீன உலகு அளித்த அங்கீகாரமேயாகும்.

வீட்டினும் சிறந்த ஏற்பாடு வேலி. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பிற்காலத்தில் சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்களை வரிசையாக நட்டு, அவற்றோடு கிடுகையோ பனையோலையையோ வைத்துக் கட்டிய வேலி, தெருவின் பார்வையைத் தடுத்ததேயன்றிக் காற்றைத் தடுக்கவில்லை. அதன் இடுக்குகளூடே புகுந்த காற்று வேகந்தணிந்து, இலைகளின் ஈரத்தால் வெம்மை குறைந்து, முற்றத்துக்கு வந்தது. தழைத்த கதியால்கள் தோட்டத்துக்குக் குழையாகவும், ஆட்டுக்குத் தீனியாகவும், அடுப்புக்கு விறகாகவும் பயன்பட்டமையால் அவ்வேலி எரிபொருட் செலவையும் குறைத்தது. மரம் அருகிய நெடுந்தீவிலே பவளக்கற்களைச் சாந்தின்றி அடுக்கி வேலியமைத்தார்கள். அதுவும் அந்நிலம் தந்த பொருளைக்கொண்டே செய்த ஏற்பாடு. தென்மராட்சியின் மணற்பாங்கான ஊர்களில் தென்னையும் மாவும் பலாவும் வீட்டைச் சூழ்ந்து நின்றன. வலிகாமத்துச் செம்மண்ணிலே வேம்பும் மாவும் முற்றத்தைக் காத்தன. கிணற்றடியில் விழுந்த நீர் வாய்க்காலாக ஓடி வாழைக்கும் தேசிக்கும் பாய்ந்தது. காலையில் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் சுத்தத்தோடு குளிர்ச்சியையும் நாடியதே.

இத்தெளிப்பின் சாஸ்திரீயமான நியாயம் எளிது. ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகிறது. முதிர்ந்த மரமொன்று தன் இலைகளின் வழியே நாளொன்றுக்குப் பல குடம் நீரை ஆவியாக்குகின்றதெனின், அது சூழலினின்று கவரும் வெப்பம் அற்பமன்று. அதன் பெரும்பகுதி காற்றோடு கலந்து பரவிவிடுவதால் முழுவதையும் வீட்டின் இலாபமாகக் கணக்கிட முடியாது. ஆயினும் வேப்பமர நிழலுக்கும் தகரக் கொட்டகை நிழலுக்கும் உள்ள பேதத்துக்குக் காரணம் இதுவே. தகரம் வெயிலை மறைத்தாலும் தான் சூடேறிக் கீழேயும் வெப்பத்தை வீசுகிறது. இலையோ வெயிலை மறைத்துத் தானும் குளிர்ந்து நிற்கிறது.

பிறநாட்டு ஆராய்ச்சிகளும் நமக்குரிய பாடமும்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் அமெரிக்கா முதலிய தேசங்களில் வீடுகளின் சக்திச் செலவைக் குறைக்கும் ஆராய்ச்சிகள் விருத்தியடைந்தன. கலிபோர்னியாவின் சக்கரமெந்தோ நகரிலே ஹாஷெம் அக்பரியும் அவரோடு சேர்ந்தோரும் இரண்டு வீடுகளில் நிழல் மரங்களை வைத்துச் செய்து 1997இல் வெளியிட்ட பரீட்சை, குளிரூட்டும் மின்சாரத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் மிச்சமானதைக் காட்டிற்று. அதே நகரத்தில் 460 வீடுகளின் மின்பட்டியல்களை ஆராய்ந்து டொனொவன், பட்றி என்போர் 2009இல் வெளியிட்ட ஆய்வோ, மேற்கிலும் தெற்கிலும் உள்ள மரங்கள் கோடைகால மின்பாவனையைச் சராசரி 5.2 சதவீதம் குறைத்தனவென்றும், வடக்கிலுள்ளவை அதைக் கூட்டினவென்றும் கண்டது.

இவ்விரு எண்களும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. முன்னையது நிழலை வேண்டிய இடத்தில் வேண்டியவாறு வைத்துக் குளிரூட்டும் செலவை மாத்திரம் அளந்தது. பின்னையது மரங்கள் நின்ற நின்ற இடத்திலேயே விட்டு, வீட்டின் முழு மின்செலவையும் அளந்தது. மரத்தின் தொகையினும் அது நிற்கும் இடமே பெரிதென்பது இவ்விரண்டும் சேர்ந்து புகட்டும் பாடம். எனினும் அந்நகரம் பூமத்திய ரேகையினின்று நம்மிலும் நான்கு மடங்கு தொலைவில் உள்ளதாதலால், அங்கே சொல்லப்படும் விதிகளை அப்படியே இங்கே கொண்டுவருதல் பொருந்தாது. தெற்கிலே இலையுதிர் மரம் நட்டுக் கோடையில் நிழலும் குளிர்காலத்தில் வெயிலும் பெறுக என்னும் உபதேசம் பனி பெய்யும் தேசத்துக்குரியது. நமக்குக் குளிர்காலமுமில்லை, கோடைச் சூரியன் தெற்கில் நிற்பதுமில்லை. மேற்குத் திசையின் முக்கியத்துவம் ஒன்றே இரு தேசங்களுக்கும் பொதுவானது.

மற்றொரு பேதமும் உண்டு. அங்குள்ள வீடுகளிற் குளிரூட்டி ஒரு குறித்த உஷ்ணநிலையை நாடித் தானே இயங்கித் தானே நிற்பதால், நிழல் விழுந்தவுடன் மின்மானி ஓட்டத்தைக் குறைக்கிறது. நமது வீட்டு விசிறியோ, அறை குளிர்ந்தாலும், கையால் நிறுத்தும்வரை சுழன்றுகொண்டேயிருக்கும். ஆதலால் வளவின் இலாபத்தை விசிறியின் அலகுகளில் மாத்திரம் தேடுவது தவறு. 75 உவாற்று விசிறியொன்று நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 22 அலகு அளவில் செலவாகும். ஒரு கிலோ உவாற்று இழுக்கும் குளிரூட்டியோ இரவுக்கு எட்டு மணித்தியாலத்தில் பாதி நேரமே இயங்கினாலும் 120 அலகு செலவாகும். அந்த 120 அலகும் கட்டணப் படிகளின் உச்சியிலே சென்று விழுகின்றன. எனவே யாழ்ப்பாணத்திலே நல்ல வளவு அளிக்கக்கூடிய மிகப் பெரிய சிக்கனம், குளிரூட்டி வாங்கவேண்டிய தேவையே எழாமற் செய்வதுதான்.

யுத்தத்தின் பின் நேர்ந்த மாற்றம்

1990இல் தேசிய மின்வலையினின்று துண்டிக்கப்பட்ட குடாநாடு, யுத்தம் முடிந்த பின்னரே மீண்டும் அதனோடு இணைக்கப்பட்டது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறையே படித்து வளர்ந்த அவ்வாண்டுகளில், விசிறி பயனற்றுக் கிடக்க, முற்றத்து வேம்பும் மாவும் திண்ணையுமே மனிதருக்குக் கோடையைத் தாங்கும் வழியாயின. அதே யுத்தமே அம்மரங்களையும் அழித்தது. காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமெனப் பனைகள் தறிக்கப்பட்டன. 1990 முதல் இராணுவத்தின் வசமிருந்த வலிகாமம் வடக்கு நிலங்களுக்குக் கட்டங்கட்டமாக மீண்ட மக்கள் பலர் வீட்டையும் காணவில்லை, வேலியையும் காணவில்லை.

புனர்நிர்மாணம் கட்டடத்தையே அளவுகோலாகக் கொண்டது. இந்திய அரசின் உதவியோடு அமைந்த 550 சதுர அடி வீடுகளுக்குப் பணம் அத்திவாரம், சுவர், கூரை எனக் கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. வீடிழந்தோருக்கு அது பேருபகாரமே, ஆயினும் வீட்டைச் சூழும் நிழல் அக்கணக்கிற் சேரவில்லை. 2016இல் 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் யோசனை எழுந்தபோது, இவ்வெப்பப் பிரதேசத்துக்கு உலோக வீடு ஏலாதென்பது அதற்கெதிரே எழுந்த முக்கியமான ஆட்சேபங்களுள் ஒன்றாயிருந்தது. வீட்டின் வெம்மை பொதுவிவாதத்துக்குரிய விஷயமென்பதை ஜனங்கள் அப்போதே உணர்ந்திருந்தனர்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தினாலும், ஆண்டுதோறும் வேலியடைக்க ஆளும் ஓலையும் கிடையாமையாலும், கதியால்கள் நின்ற எல்லைகளில் இன்று சீமெந்து மதில்கள் எழுந்துள்ளன. எல்லைப் பிணக்குக்கு முடிவுகட்டுவது, கால்நடையைத் தடுப்பது, வருடாந்தச் செலவை ஒழிப்பது என மதிலுக்குச் சொல்லப்படும் நியாயங்கள் யாவும் உண்மையே. ஆயினும் திண்மையான மதில் காற்றை மேலே எறிந்துவிடுகிறது. அதன் உட்புறத்தே, மதிலின் உயரத்தைப்போலப் பலமடங்கு தூரத்துக்குக் காற்றுத் தேங்குகிறது. பகலெல்லாம் வெயிலிற் காய்ந்த கல் மாலையில் அவ்வெப்பத்தை வீட்டை நோக்கி உமிழ்கிறது. முற்றத்து மணலை மூடிக் கல் பதித்துவிட்டால் வெப்பம் மிகுவதோடு மழைநீரும் நிலத்தில் இறங்காமல் தெருவுக்கு ஓடிவிடுகிறது.

சிறு காணியிலும் செய்யத்தக்கவை

இரண்டு பரப்புக் காணியில் வீடமைப்போருக்கு நாற்சாரும் தோப்பும் இயலாதவையாயினும், சில ஏற்பாடுகள் எவருக்கும் இயலும். மேற்குச் சுவரினின்று பதினைந்தடி தூரத்தில் இருபதடி உயரமுள்ள மரமொன்று நிற்குமாயின், ஜூன் மாதத்தில் அதன் நிழல் பிற்பகல் 3 மணியளவிற் சுவரில் ஏறத்தொடங்கி 4 மணிக்குப் பத்தடிச் சுவரை மூடிவிடும். சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதால், எந்தச் சாளரத்தைக் காக்க விரும்புகிறோமோ அதற்கு நேரெதிரே நடாமல் ஆறேழு அடி வடக்கே தள்ளி நடவேண்டும். இவ்விடத்துக்கு வேம்பு உத்தமம். வரட்சியைத் தாங்கும், காற்றை எதிர்க்கும், மருந்துமாகும். கறுத்தக் கொழும்பான் மா நிழலோடு பழமும் தரும்.

மரம் வளரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேற்குச் சாளரத்துக்கு முன் ஒரு பந்தலிட்டுப் பாகலோ புடோலோ படரவிட்டால் சில மாதங்களிலேயே நிழல் கிட்டும். முந்திரிகைப் பந்தல் நெடுங்காலம் நிற்கும். பந்தலுக்கும் சுவருக்கும் இடையே காற்றோட இரண்டடி இடைவெளி விடுதல் அவசியம். கொங்கிறீற்றுத் தட்டின் மேலும் இவ்வாறே, தட்டைத் தொடாத பந்தல் அமைத்தால் நீர்க்கசிவுக்கு இடமின்றிக் கூரை நிழல் பெறும். கிழக்கே வாழையும் பப்பாசியும் முருங்கையும் காலை வெயிலுக்குப் போதும்.

தென்மேற்கிலே சாளரத்தை மறைக்கும் செடிகளை நடலாகாது. அங்கே மரம் வேண்டுமெனின் தென்னையைப்போல் உயரே முடிதாங்கிக் கீழே காற்றுக்கு வழிவிடும் மரமே தகும். மதில் தவிர்க்க இயலாதெனின், இடுப்பளவுக்குக் கல்லும் அதன்மேற் கம்பியும் அமைத்துக் கொடி படரவிடுதலோ, காற்றுவழியுள்ள துளைக்கற்களைத் தென்மேற்கிற் பயன்படுத்துதலோ மத்திமமான வழிகள். கல் பதிப்பதை வாகனம் செல்லும் இரு தடங்களுக்கு மாத்திரம் கட்டுப்படுத்தி, மிகுந்த முற்றத்தை மணலாகவே விடுவது செலவையும் குறைக்கும்.

ஆட்சேபங்கள்

மரத்துக்கு நீர் வேண்டுமே என்பது முதல் ஆட்சேபம். ஆறற்ற சுண்ணக்கல் நிலத்தில், கிணற்றையே நம்பி வாழும் மக்களிடையே இது மதிக்கத்தக்கது. நாள்தோறும் நீர் கேட்கும் புற்றரை இங்கே அழகுக்கும் ஆகாது, சிக்கனத்துக்கும் ஆகாது. அதற்கு இறைக்கும் பம்பியின் மின்சாரமே நிழலின் இலாபத்தைத் தின்றுவிடும். ஐப்பசி மழையோடு நட்ட வேம்போ பூவரசோ, அடியிற் சருகு மூடி, முதல் இரண்டு கோடைகளில் மாத்திரம் நீர் பெற்றால் பின்னர் தானே வாழும். கிணற்றடி நீரை வாய்க்காலில் விட்டால் வாழைக்குத் தனியே இறைக்கவும் வேண்டாம்.

புயலைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. 1964 டிசெம்பர்ப் புயலையும் 2008 நவெம்பரில் வந்த நிஷா புயலையும் கண்ட மக்கள் கூரையருகே பெருமரத்தை விரும்பார். பதினைந்தடி விலக்கி நடுதலும், மாரிக்கு முன்னர் புரட்டாதியிலே கொப்பு வெட்டுதலும், எளிதில் முறியும் முருங்கையைக் கூரைக்கருகே உயரவிடாமையும் இதற்குப் பரிகாரம். ஆலும் அரசும் சிறு வளவுக்கு உரியனவல்ல. அவற்றின் வேர் அத்திவாரத்தையும் மலக்குழியையும் பிளக்கும்.

கூரைமீது சூரியத் தகடுகள் அமைப்போர் மரநிழல் அவற்றைக் கெடுக்குமென்பர். தகடுகளின் உற்பத்தி உச்சிவேளையைச் சுற்றிய சில மணித்தியாலங்களில் மிகுவதாலும், நாம் சொல்லும் மேற்கு வடமேற்கு நிழல் 3 மணிக்குப் பின்னரே விழுவதாலும், மரத்தின் உயரத்தைக் கூரையளவில் நிறுத்திக்கொண்டால் இவ்விரண்டும் இசைந்தே நடக்கும். எல்லை தாண்டும் கொப்புகளால் அயலாரோடு மனஸ்தாபம் வருமென்பது பழைய கவலை. 1707இல் ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்திலேயே எல்லை கடந்து சாயும் மரங்களைப் பற்றிய விதிகள் இடம்பெற்றிருக்கின்றன. அயலார் இருவர் கலந்து பேசி, ஒருவரின் மேற்கு மரம் மற்றவரின் கிழக்கு மரமாகும்படி எல்லையோரத்தில் நட்டால் ஒரே நிழல் இரு வீடுகளுக்கும் உதவும்.

செய்ய வேண்டுவது

மின்சாரம் எங்கோ பிறந்து கம்பிவழி வரும் பொருளென்று யாழ்ப்பாணத்தார் எண்ணியிருக்க இயலாது. சுன்னாகத்து மின்நிலையச் சூழலிலே கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்ப்புப் பெற்றது; ஓர் அலகு மின்சாரத்துக்கு நாம் கொடுக்கும் விலை பணத்தோடு முடிவதில்லையென்பதற்கு அதனினும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே, வீட்டு வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் பிரதேச சபைகள், அறைகளோடு மரங்கள் நிற்கும் இடங்களையும் வரைபடத்திற் காட்டும்படி கேட்கவேண்டும். வீட்டுதவி வழங்கும் எத்திட்டமும் கூரைக்கான தவணையோடு நான்கு மரக்கன்றுகளையும் ஒரு பந்தலுக்கான செலவையும் சேர்க்கவேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் ஒன்றுகூடி, நிழலுள்ள வீட்டையும் நிழலற்ற வீட்டையும் நமது நிலத்திலேயே அளந்து, நமது எண்களை நமக்குத் தரவேண்டும். இவையெல்லாம் நிறைவேறும்வரை ஒரு குடும்பம் காத்திருக்க வேண்டியதில்லை. வீடு கட்டத் தீர்மானித்தவர், அத்திவாரம் வெட்டுவதற்கு முந்திய மாரியிலேயே காணியின் வடமேற்கில் ஒரு வேம்பை நட்டுவிடுவாராயின், கூரை வேயும் நாளில் அம்மரம் ஆளுயரம் கடந்திருக்கும். கடன் தீரும் நாளிலோ அது அவ்வீட்டின் மிக மலிவான, மிக நீடித்த குளிர்ச்சிச் சாதனமாய், எக்கட்டணத் திருத்தத்துக்கும் அஞ்சாமல் நிற்கும்.